வயசான நாய் சாய்ஞ்சு விழுந்தா, அன்னைக்கே ஊசி போடச் சொல்லாதீங்க

நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். கால்நடை மருத்துவர் இல்லை. ஆனா வடலூர்ல கிளினிக் வெச்சிருந்தா இந்தக் கேள்வியும் வரத்தான் செய்யுது: "சார், நாய்க்கு பக்கவாதம் அடிச்சிருச்சு, ஏதாவது மாத்திரை எழுதித் தாங்களேன்." சில பேர் அதையும் தாண்டி, "கஷ்டப்படுது சார், ஊசி போட்டு முடிச்சிடலாமா?"ன்னு கேட்பாங்க.

இந்த இழை அதைப் பத்திதான். கொஞ்சம் நீளம். வீட்ல எட்டு வயசு தாண்டின நாய் இருக்கிறவங்க சேமிச்சு வெச்சுக்கங்க.

அவங்க சொல்ற கதை அநேகமா ஒரே மாதிரி இருக்கும். ராத்திரி நல்லா சாப்பிட்டுட்டுப் படுத்துச்சு. காலைல எழுந்திருக்க முடியலை. தலை ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு. எழுந்தா அதே பக்கம் விழுது, இல்லைன்னா வட்டம் போடுது. கருவிழி ரெண்டும் இடமும் வலமுமா வெட்டி வெட்டித் துடிக்குது. வாந்தி. சோறு தண்ணி இல்லை. பார்க்கிறவங்களுக்கு வயிறு கலங்கிடும். "ஸ்ட்ரோக்"னு வீட்ல யாராவது ஒருத்தர் சொல்லிடுவார். அந்த வார்த்தை விழுந்த பிறகு நாயோட கதை பாதி முடிஞ்ச மாதிரிதான்.

வயசான நாய்களில் இந்த அறிகுறிகள் திடீரென்று ஒன்றாக வந்தால், அடிக்கடி காணப்படும் காரணம் மூளையில் இல்லை, காதில் இருக்கிறது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற தகவலை மூளைக்கு அனுப்புவது அவைதான். ஒரு பக்கத்துத் தகவல் திடீரென்று நின்றுவிட்டால், உடம்பு சுழல்கிறது என்று மூளை நினைத்துக்கொள்ளும். கண் துடிப்பது, சாய்ந்து விழுவது, வாந்தி எல்லாம் அதனால் வருவது. சின்ன வயசுல ராட்டினத்துல இருந்து இறங்கின உடனே எப்படி இருந்துச்சு? அது மணிக்கணக்கா நிக்காம இருந்தா எப்படி இருக்கும்? அதுதான் அந்த நாயோட நிலைமை.

இதுக்குப் பேரு வெஸ்டிபுலர் சிண்ட்ரோம். பல வயசான நாய்களுக்கு ஏன் வந்துச்சுன்னே கண்டுபிடிக்க முடியாது. தானா வரும், தானா குறையும். ரெண்டு மூணு நாள்ல கண் துடிப்பு குறைய ஆரம்பிக்கும். அப்புறம் தட்டுத் தடுமாறி நடக்கும். ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலான நாய்கள் கிட்டத்தட்ட பழையபடி ஆயிடும். சிலதுக்குத் தலை மட்டும் லேசா சாய்ஞ்சே நின்னுடும், எதையோ கூர்ந்து கேட்கிற மாதிரி. அதனால அதுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

அதாவது, பார்க்க ரொம்ப பயங்கரமா இருக்கிறது முதல் 48 மணி நேரம். நம்ம மக்கள் முடிவெடுக்கிறதும் அதே 48 மணி நேரத்துலதான். என் கோபமே இதுலதான்.

நாய்க்கு ஸ்ட்ரோக் வரவே வராதா? வரும். ஆனா நமக்கு வர்ற மாதிரி ரத்தக்குழாய்ல கொழுப்பு படியறது நாய்களுக்கு அபூர்வம். வர்ற நாய்களுக்கும் பல நேரம் சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கொதிப்பு, ஹார்மோன் பிரச்சினைன்னு வேற ஏதாவது பின்னாடி இருக்கும். அப்படி வந்தாலும் கணிசமான நாய்கள் சில வாரங்கள்ல தேறிடுது. ஆக, ஸ்ட்ரோக்கே ஆனாலும் அன்னைக்கே முடிச்சிடணும்ங்கிற அவசியம் இல்லை.

இங்க ஒரு எச்சரிக்கை. நாய்க்குச் சொன்னதைப் பாட்டிக்குப் பொருத்திடாதீங்க! மனுஷங்களுக்குத் திடீர்னு தலைசுத்தி, நிக்க முடியாம விழுந்தா, பேச்சு குழறினா, வாய் கோணினா, ஒரு கை ஒரு கால் தளர்ந்தா, ஒரு நிமிஷம்கூட வீட்ல வெச்சிருக்கக் கூடாது. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். 108-க்கு அடிங்க.

நாய்க்கு வருவோம். பக்கத்துல போறதுக்கு முன்னாடி நீங்க கேட்டுக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. இதுக்கு வருஷா வருஷம் ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கா? தெருவுல மத்த நாய்கள்கூட கடிபட்டுச்சா?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ரேபிஸ்னாலே வெறிபிடிச்சு ஓடி வந்து கடிக்கும்னு மட்டும்தான் எல்லாரும் நினைக்கிறாங்க. அமைதியான ரேபிஸ்னு ஒண்ணு இருக்கு. அதுல நாய் கடிக்காது. மூலையில போய் ஒடுங்கிக்கும். தாடை தொங்கிடும், எச்சில் வழியும், முழுங்க முடியாது, குரல் மாறும், பின்னங்கால் இழுக்கும். பார்த்தா தொண்டையில எலும்பு சிக்கின மாதிரியே இருக்கும். பாவப்பட்டு வாய்க்குள்ள கையை விட்டு எலும்பு தேடுவாங்க. கடிச்சாதானே ஊசின்னு அதுக்கப்புறம் சும்மாவும் இருந்துடுவாங்க. காது கெட்டுப்போய் சாய்ஞ்சு கிடக்கிற, தடுப்பூசி போட்ட வீட்டு நாயைப் பார்த்து நடுங்குறோம். வாய்ல எச்சில் ஒழுகுற தெரு நாய்க்குக் கைவிட்டுத் தண்ணி ஊட்டுறோம். பயம் தலைகீழா இருக்கு.

ரேபிஸ் வந்த நாய் நாளுக்கு நாள் மோசமாகும். அறிகுறி தெரிஞ்சு பத்து நாளைக்குள்ள செத்துடும். தேறி வராது. தடுப்பூசி விவரம் தெரியாத நாய் இந்த மாதிரி இருந்தா தொடாதீங்க, குழந்தைகளை விடாதீங்க, கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்க. அதோட எச்சில் உங்க புண்லயோ, கண்லயோ, வாய்லயோ பட்டிருந்தா அது கடிக்குச் சமம். சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க (கண், வாய்னா வெறும் தண்ணி). அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அரசு ஆஸ்பத்திரியில தடுப்பூசி இலவசம். 0, 3, 7, 28-ஆம் நாள்னு கணக்கு. கடியோட தன்மையைப் பொறுத்து இம்யூனோகுளோபுலினும் போடுவாங்க. "நாய் கடிக்கலையே டாக்டர்"னு வாதம் பண்ணாதீங்க, தயவு செஞ்சு.

சரி, ஒழுங்கா தடுப்பூசி போட்ட, பத்துப் பன்னிரண்டு வயசு வீட்டு நாய். சாய்ஞ்சு கிடக்கு. என்ன பண்றது?

டைல்ஸ் தரையில விடாதீங்க, வழுக்கி வழுக்கி இன்னும் பயந்துடும். சாக்கு விரிச்சு, ரெண்டு பக்கமும் தலகாணி அணைச்சுப் படுக்க வைங்க. மாடிப்படி, கிணத்தடி பக்கம் போகாம அடைச்சிடுங்க. ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும். காது பொய் சொல்றப்போ கண்ணை வெச்சுதான் அது நிதானிக்கும். வயித்துக்கு அடியில ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடிச்சா ஒண்ணுக்குப் போக வைக்கலாம். தண்ணி கொஞ்சம் கொஞ்சமா. படுத்த பக்கமே கிடந்தா புண்ணு வரும், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டி விடுங்க.

அந்தக் கண் துடிக்கிறதை, நடக்கிறதை செல்போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க. கால்நடை மருத்துவருக்கு அது பெரிய உதவி. அன்னைக்கோ மறுநாளோ கண்டிப்பா காட்டணும். பொறுங்கன்னு நான் சொல்றது ஊசி போட்டு முடிக்கிற முடிவை. வைத்தியத்தைத் தள்ளிப்போடச் சொல்லலை. காதுக்குள்ள சீழ் இருந்தாலும் இதே மாதிரிதான் சாயும், அதுக்கு மருந்து இருக்கு. வாந்திக்கும் மருந்து இருக்கு.

நீங்களா எதையும் கொடுக்காதீங்க. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இதெல்லாம் நமக்கு மாத்திரை, நாய்க்கு விஷம் ஆகலாம். காதுக்கு வீட்ல கிடக்கிற சொட்டு மருந்தை ஊத்துறதும் கூடாது. செவிப்பறை கிழிஞ்சிருந்தா ஜென்டாமைசின் மாதிரியான மருந்து உள்காதையே கெடுத்துடும். வயித்துப்போக்குக்குன்னு மெட்ரோனிடசோல் மாத்திரையை அளவு தெரியாம கொடுத்து, அதனாலயே நாய் சாய்ஞ்சு விழறதும் உண்டு. மருத்துவர்கிட்ட இதையெல்லாம் மறைக்காம சொல்லுங்க.

உடனே தூக்கிட்டு ஓட வேண்டிய நேரங்களும் இருக்கு. வலிப்பு அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்கலைன்னா. ஒரே நாள்ல திரும்பத் திரும்ப வந்தா. கூப்பிட்டா உணர்வே இல்லைன்னா. கண் மேலும் கீழுமா துடிச்சா. பாதம் மடிஞ்சு புறங்கால்ல நடந்தா. சுவத்துல தலையை முட்டிக்கிட்டே நின்னா. பின்னங்கால் ரெண்டும் திடீர்னு செத்துப்போய், தொட்டா கத்தினா (அது முதுகுத்தண்டு வட்டு நகர்ந்ததா இருக்கலாம்). இதெல்லாம் வெறும் காது விவகாரம் இல்லை.

நம்ம பக்கத்துக்குன்னு ரெண்டு விஷயம் சேர்த்துச் சொல்லணும். ஒண்ணு உண்ணிக் காய்ச்சல். உண்ணி மொய்க்கிற நாய், காய்ச்சல், ஈறு வெளிறிப்போச்சு, மூக்குல ரத்தம், கூடவே தள்ளாட்டம்னா ரத்தப் பரிசோதனை கேளுங்க. சரியான நேரத்துல பிடிச்சா மருந்துக்குக் கேட்கும். இன்னொண்ணு பூச்சி மருந்து. நெல்லு, கரும்பு, முந்திரின்னு சுத்தியும் மருந்தடிக்கிற ஊர் நம்மளோடது. அதை நக்கின நாய்க்கும் எச்சில் ஒழுகும், உடம்பு உதறும், கருவிழிப் பாவை குண்டூசித் தலை மாதிரி சுருங்கிடும். மாட்டு உண்ணிக்கு வாங்கின மருந்தைத் தண்ணி கலக்காம நாய் மேல ஊத்தினாலும் நடுக்கம், தள்ளாட்டம் வரும். இதுல ஒரு மணி நேரம் தாமதிச்சாலும் தாமதம்தான்.

"மனுஷனுக்கே இங்க ஸ்கேன் எடுக்க அலைய வேண்டியிருக்கு, நாய்க்கு இவ்வளவா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். நான் ஸ்கேன் கேட்கலை. ஒரு சாக்கு, ஒரு துண்டு, மூணு நாள். இவ்வளவுதான் கேட்கிறேன். மூணு நாள் ஆகியும் கொஞ்சம்கூட முன்னேற்றம் இல்லை, இல்லைன்னா இன்னும் மோசமாகுதுன்னா, அப்ப கால்நடை மருத்துவர்கிட்ட உட்கார்ந்து பேசுங்க. மூளையில கட்டி, நிக்காத வலிப்பு, வலி தாங்க முடியாத நிலைமைன்னு அவர் சொன்னா, கஷ்டம் இல்லாம அனுப்பி வைக்கிறது சரியான முடிவுதான். அதை நான் எதிர்க்கலை.

நான் எதிர்க்கிறது ரெண்டு. முதல் நாளே முடிச்சு விடுறது. அதைவிட மோசமா, எழுந்து நடக்க முடியாததை வண்டியில ஏத்திக் கொண்டுபோய் ரோட்டோரம் விட்டுட்டு வர்றது. பட்டினியில் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டத்தை விடுங்க. வள்ளலார் 1867-ல தருமச்சாலையில மூட்டின அடுப்பு இன்னும் அணையாம எரியற ஊருங்க இது. ஜீவகாருண்யம்னு பலகையில எழுதி வெச்சிட்டு, பத்து வருஷம் வாசலைக் காத்ததை விழுந்த அன்னைக்கே தூக்கிப் போட்டா எப்படி?

கேட்கப் போறவங்களுக்கு முன்கூட்டியே பதில்: முதல்ல பக்கத்துல இருக்கிற அரசு கால்நடை மருந்தகம். காலைலயே போங்க. அங்க முடியாதுன்னா கடலூர், சிதம்பரம். அதுக்கும் மேல பார்க்கணும்னு மருத்துவர் சொன்னா புதுச்சேரி குரும்பாபேட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, சென்னைன்னா வேப்பேரி. எனக்கு வீடியோ அனுப்பி மருந்து கேட்காதீங்க, எழுத மாட்டேன். நாய் எச்சில் பட்டவங்க மட்டும் நேர்ல வாங்க, இன்னைக்கே.