ஊறல் தெரிந்த ஊருக்கு நொதி தெரியாதா?

கள்ளக்குறிச்சின்னு சொன்னதும் வெளியூர்க்காரர்கள் நம்மிடம் என்ன கேட்கிறார்கள்? 2024 ஜூன் மாதத்துக்குப் பிறகு ஒரே பேச்சுதான். கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதை மறைக்கவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். ஆனால் அந்தச் சாவுகளுக்குள் இருந்த வேதியியலை நம்மில் எத்தனை பேர் தேடிப் படித்தோம்?

மெத்தனாலைவிட, உடம்புக்குள் போய் அது என்னவாக மாறுகிறது என்பதுதான் பெரிய ஆபத்து. கல்லீரலில் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்று ஒரு நொதி, அதாவது என்சைம், இருக்கு. எத்தனால் வந்தால் அதை அசிட்டால்டிஹைடாக மாற்றும். மெத்தனால் வந்தாலும் அதே வேலைதான், ஆனால் கிடைப்பது ஃபார்மால்டிஹைடு. அதை அடுத்த நொதி ஃபார்மிக் அமிலமாக்கும். கண் நரம்பைக் கெடுப்பதும் உயிரை எடுப்பதும் அந்த அமிலம்தான். சிகிச்சைக்குத் தரும் ஃபோமெபிசோல் மருந்து, முதல் நொதி வேலை செய்யாமல் அடைத்து வைக்கும். உடம்பு மெத்தனாலை மெதுவாக வெளியேற்ற நேரம் கிடைக்கும்.

இந்த நொதிக்கு நல்லது கெட்டது தெரியாது. தன் பள்ளத்தில் எது பொருந்துகிறதோ அதை மாற்றும், அவ்வளவுதான். அந்தப் பொருத்தத்தைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் அதுவே மருந்துத் தொழில்.

எப்படி? கொலஸ்ட்ரால் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டினை எடுத்துக்கோங்க. அதன் பக்கச் சங்கிலிக்கு ஒரு ஆல்கஹால் வேண்டும், அதுவும் ஒரே கைப்பக்கம் கொண்டதாக. வலது கால் செருப்பு இடது காலுக்குச் சேராத மாதிரி, தப்பான பக்க மூலக்கூறு மருந்துக்கு ஆகாது. சாதாரண ஒடுக்கியைப் போட்டால் இரண்டு பக்கமும் சரிபாதி வரும், பாதி வீண். கல்லீரல் நொதி செய்யும் வேலையைத் தலைகீழாக, கீட்டோனை ஆல்கஹாலாக மாற்றும் நொதிகள் இருக்கின்றன. அவற்றைச் செம்மைப்படுத்தி, வேண்டிய பக்கத்தை மட்டும் தண்ணீரில் எடுத்துக் காட்டியதற்காக கோடெக்சிஸ் நிறுவனம் 2006-ல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது பெற்றது.

நம் வீடுகளில் அப்பாவோ பெரியம்மாவோ போடும் சர்க்கரை மாத்திரை சிட்டாக்ளிப்டினுக்கும் இதே கதை உண்டு. முன்பு அதற்கு உயர் அழுத்த ஹைட்ரஜனும் ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகமும் தேவைப்பட்டன. அந்த வேலைக்கு எடுத்த நொதி ஆரம்பத்தில் அந்த மூலக்கூறைத் தொடவே இல்லை. படிப்படியாக 27 இடங்களில் அமினோ அமிலங்களை மாற்றினார்கள். 2010-ல் அது உலோகத்தின் இடத்தைப் பிடித்தது. இப்படி நொதிகளைப் பரிணாமப் பாதையில் நடத்தும் முறைக்காகத்தான் பிரான்சிஸ் அர்னால்டுக்கு 2018-ல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

"இதுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கு.

அடோர்வாஸ்டாட்டின் வேலையைச் செய்யும் நொதி தனியாக ஓடாது. ஒவ்வொரு முறையும் அதற்கு என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருள் செலவாகும். அதன் விலை அதிகம். அதனால் கலத்தில் குளுக்கோஸையும் இன்னொரு நொதியையும் சேர்த்து அந்தத் துணைப்பொருளைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிறார்கள். அதாவது அங்கே எரிபொருள் குளுக்கோஸ். குளுக்கோஸ் எதிலிருந்து வரும்? மாவுச்சத்திலிருந்து. கல்வராயன் மலையிலும் சின்னசேலம் பக்கமும் விளையும் மரவள்ளிக் கிழங்கு முழுக்க மாவுச்சத்துதான். ஆல்ஃபா அமைலேஸ், குளுக்கோஅமைலேஸ் என்ற இரண்டு நொதிகள் அதைக் குளுக்கோஸாக உடைத்துவிடும்.

நாம் கிழங்கை சேகோ ஆலைக்கு அனுப்பி ஜவ்வரிசியாக்குவதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். விலை விழுந்தால் விவசாயி தலையில் விழுகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கழிவுப்பாகை நாம் பார்ப்பது பெரும்பாலும் எரிசாராயமாகத்தான். ஆனால் சர்க்கரைப் பாகில் வளரும் ஈஸ்ட்டோடு பென்சால்டிஹைடைச் சேர்த்தால் எபிட்ரின் மருந்துக்கான முன்பொருள் கிடைக்கும் என்று நியூபெர்க் 1921-லேயே காட்டிவிட்டார். நூறு வருஷத்துக்கு முந்தைய அறிவு இது. ஊறல் என்ற சொல் நம் மலைக்குப் போலீஸ் செய்தியாக மட்டுமே இருப்பது எனக்கு வருத்தம். வெல்லமும் நுண்ணுயிரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று தலைமுறைகளாகத் தெரிந்த ஊர் இது. அந்த அறிவுக்கு ஒரு நேர்மையான வேலை கொடுக்க நாம்தான் படித்துக்கொண்டிருக்கிறோம்.

நொதி எல்லாவற்றுக்கும் தீர்வு என்று சொல்லவில்லை. பல நொதிகள் சூட்டிலும் கரைப்பானிலும் செத்துப்போகும். ஒரு மூலக்கூறுக்குப் பழகியது இன்னொன்றைத் திரும்பிப் பார்க்காது. ஈஸ்ட்டை அப்படியே போட்டால் நிறைய தண்ணீர் வேண்டும், கடைசியில் பொருளைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கிழங்கிலிருந்து வரும் குளுக்கோஸ் மருந்துத் தொழிலுக்கு ஏற்ற சுத்தத்தில் இருக்கணும், விலையும் கட்டுப்படியாகணும். நாளைக்கே இங்கே மருந்து ஆலை வந்துவிடாது. ஆனால் இவையெல்லாம் பொறியியல் சிக்கல்கள். கலன் வடிவமைப்பு, பிரித்தெடுத்தல், செலவுக் கணக்கு என்று நாம் படிக்கும் பாடங்கள் இதற்குத்தானே?

அதனால் என் கோரிக்கை சின்னது. வேதியியல் ஆய்வகத்தில் ஒரே ஒரு பயிற்சியை மாற்றுங்கள். எத்தில் அசிட்டோஅசிட்டேட்டை ஒரு குழு சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கட்டும். இன்னொரு குழு பேக்கரி ஈஸ்ட், சர்க்கரை, தண்ணீர் வைத்து ஒடுக்கட்டும். இரண்டு நாள் பொறுமை போதும். பிறகு இரண்டையும் போலாரிமீட்டரில் வைத்துப் பாருங்கள். முதலாவது ஒளியைத் திருப்பாது, இரண்டாவது திருப்பும். கருவி இல்லையா? கரும்புச் சாற்றில் சர்க்கரையை அளக்க சர்க்கரை ஆலை ஆய்வகங்கள் நம்பியிருப்பதே இந்தக் கருவியைத்தான். துறைத்தலைவர் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாமே!

அடுத்த வகுப்புக் குழுக் கூட்டத்தில் இதை எழுப்புங்க. பேராசிரியர்கள் மறுத்தால் ஏன் என்று பணிவாகக் கேளுங்க. 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போன ஊரில், அந்த நொதி என்ன செய்யும் என்று தெரியாமலே ஒரு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போகக் கூடாது.