மலையை வாங்கலாமா, மலைப்பொருளை வாங்கலாமா?

புக்கிட் பாஞ்சாங் என்றால் மலாய் மொழியில் ‘நீண்ட மலை’. பெயரில் இருக்கும் அந்த மலை, வீவக அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பல காலம் ஆகிறது. அருகில் கருங்கல் உடைத்த குவாரிகள் இன்று நீர் நிறைந்த குளங்கள். பால்பண்ணை இருந்த இடத்தில் ‘டெய்ரி ஃபார்ம்’ என்ற பெயர் மட்டும் மிச்சம். அங்கிருந்த மாட்டுத்தொழுவம் ஒன்று இப்போது வாலஸ் கல்வி நிலையமாகப் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பேட்டையில் மலைப் பொருளியல் இப்படி முடிந்துபோனாலும், மக்களுக்கு மலைமீதுள்ள மோகம் முடியவில்லை. அண்மையில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அங்கிள் ஒருவர் என்னை நிறுத்தினார்.

“ஏம்மா, நீ பத்திரிகையில இருக்க. ஊட்டியில ஒரு வில்லா வாங்கலாமா? இல்ல, ஜப்பான்ல மலைகிராமத்து வீட்டையெல்லாம் சும்மாவே தர்றாங்களாமே, அதைப் பார்க்கலாமா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால், ஓய்வுக்காலச் சேமிப்பைக் கையில் வைத்திருக்கும் பலர் இதே கேள்வியோடு இணையத்தில் வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 690,000 வருகைகள் ஜப்பானுக்கு. பனிச்சறுக்குக்குப் போய்த் திரும்புகிறவர்கள் படங்களோடு நிலவிலையையும் கொண்டுவருகிறார்கள்.

முதலில் ஜப்பான். அங்கு 2023ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கெடுப்பின்படி காலியாகக் கிடக்கும் வீடுகள் சுமார் 9 மில்லியன். மலைகள் சூழ்ந்த, கடலே இல்லாத நாகானோ மாநிலத்தில் ஐந்தில் ஏறக்குறைய ஒரு வீட்டில் ஆள் குடியில்லை. வசதியானவர்களின் விடுமுறை வீடுகளும் அந்தக் கணக்கில் அடங்கும். வெளிநாட்டவர் அங்கு வீட்டையும் அது நிற்கும் நிலத்தையும் வாங்கப் பெரிய தடை இல்லை. பெரும்பணமும் போய்க்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரர் ஒருவர் தொடங்கிய பேஷன்ஸ் கேப்பிடல் குரூப் நிறுவனம், நாகானோவை ஒட்டிய மியோகோ மலைப்பகுதியில் பெரிய உல்லாசத் தளம் அமைக்கத் திட்டமிட்டிருக்கிறது. நாகானோவின் ஹக்குபா பள்ளத்தாக்கில் வெளிநாட்டவர் வரவால் நிலவிலை ஏறிவிட்டது. உள்ளூர் இளையர் அங்கு வீடு வாங்குவது எளிதாகவா இருக்கும்?

ஆனால், நாகானோவின் பிழைப்பு பனிச்சறுக்கு மட்டுமல்ல. நிலம் வாங்கி விற்கிற கதையைவிட அந்தப் பழைய கதைதான் நமக்குப் பயன்படும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த மாநிலம் பட்டு நூலை நம்பி வாழ்ந்தது. சுவா ஏரிக்கரையில் உள்ள ஒக்காயா நகரின் ஆலைகள் நூற்ற பட்டில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. 1929ல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. அதன் பின்னே நைலான் வந்தது. ஒரே பொருள், ஒரே வாடிக்கையாளர் என்றிருந்த ஊர் தடுமாறியது.

1942 மே மாதம் அதே ஏரிக்கரையில், உள்ளூர்க் கடிகாரக் கடைக்காரர் ஒருவர், மீசோ வைக்கும் கிடங்கு ஒன்றைச் செப்பனிட்டுக் கடிகாரப் பாகங்கள் செய்யும் சிறு பட்டறை தொடங்கினார். (அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஜப்பானியப் படைகள் புக்கிட் பாஞ்சாங் வழியாக புக்கிட் தீமாவுக்குள் புகுந்திருந்தன. ஒரே ஆண்டு, வேறு வேறு மலைகள்.) அந்தப் பட்டறைதான் வளர்ந்து இன்றைய சைக்கோ எப்சன் ஆனது. 1964 தோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில் நேரம் குறிக்க உருவாக்கிய கருவியின் தொடர்ச்சியாக 1968ல் சிறிய அச்சுப்பொறி ஒன்று பிறந்தது. நம் அலுவலகங்களில் நிற்கும் எப்சன் அச்சுப்பொறிகளின் பூர்வீகம் அந்த மலையூர்தான்.

இன்னொரு பொருள் நம் சமையலறைக்கு நெருக்கமானது. அகர்-அகர். பெயரே மலாய்ப் பெயர். தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் நாம் வண்ண வண்ணமாக வெட்டி வைக்கும் அதே பண்டம். கடலே இல்லாத நாகானோவின் சுவா, சினோ பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து அதைத் தயாரிக்கிறார்கள். கடற்பாசியை வெளியூரிலிருந்து வரவழைத்து, வேகவைத்து, கூழைக் கட்டியாக்கி, குளிர்கால வயலில் பரப்புவார்கள். இரவுக் குளிரில் உறையும், பகல் வெயிலில் உருகி வடியும். சில நாள்களில் எடையற்ற வெள்ளைக் கட்டியாகிவிடும். உழவு இல்லாத மாதங்களில் உழவர்களுக்கு அதுவே வருமானம். பாசி அவர்களுடையதல்ல. குளிர் மட்டும்தான் அவர்களுடையது. அதை விற்கத் தெரிந்திருந்தது.

மீசோவும் அப்படித்தான். ஜப்பானின் மீசோவில் ஏறக்குறைய பாதி நாகானோவில் தயாராகிறது. பேரங்காடியில் மீசோ பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘ஷின்ஷு’ என்று இருந்தால் அது நாகானோவின் பழைய பெயர். ஊர்ப்பெயர் பொட்டலத்தோடு சேர்ந்து கடல் கடக்கிறது.

நீலகிரியின் கணக்கு

இப்போது அங்கிளின் ஊட்டிக்கு வருவோம்.

நீலகிரிக்கும் நாகானோவுக்கும் ஒற்றுமைகள் பல. நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001ல் 762,141. பத்தாண்டுகள் கழித்து 735,394. தமிழ்நாடு முழுவதும் மக்கள்தொகை கூடிய காலத்தில் இந்த மலை மாவட்டத்தில் குறைந்தது. படித்த பிள்ளைகள் கோயம்புத்தூர், பெங்களூரு, திருப்பூர் என்று இறங்கிவிடுகிறார்கள்.

குளிர்ந்த, தூசியற்ற காற்றை நம்பி நீலகிரியும் தொழிற்சாலை கட்டியது. 1960ல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. தொழில்நுட்பம் மாறியபோது அது மாறவில்லை. டிஜிட்டல் அலை கதவை மூடிவிட்டது. சுவாவில் ஒரு பட்டறையைச் சுற்றிப் பல பட்டறைகள் முளைத்தன. ஊட்டியில் ஓர் அரசாங்க ஆலையைச் சுற்றிக் குடியிருப்புதான் வளர்ந்தது. ஆனால் அதே மலையில், கேத்தியில், 1949 முதல் ஊசி தயாரிக்கும் நிறுவனம் இன்றும் நிற்கிறது. ‘போனி’ என்ற பெயரில் அதன் பின்னல் ஊசிகள் பல நாடுகளுக்குப் போகின்றன. மலையில் தொழிலே நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

மாவட்டத்தின் முதுகெலும்பு என்னவோ தேயிலைதான். அதன் கதை ஒக்காயாவின் பட்டுக் கதை போலவே இருக்கிறது. நீலகிரித் தேயிலைக்குப் பெரிய வாடிக்கையாளர் சோவியத் யூனியன். அது உடைந்த பிறகு, 1990களின் கடைசியில் விலை சரிந்தது. அந்தச் சரிவிலிருந்து சிறு விவசாயிகள் இன்னும் முழுமையாக எழவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய நான்கிலிருந்து நாலரை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். 2023 செப்டம்பரில் படுகர் விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தபோது பச்சைத் தேயிலைக்குக் கிடைத்த விலை கிலோவுக்கு 20 ரூபாய்க்கும் கீழே. கட்டுப்படியாக 30 ரூபாய்க்கு மேல் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இருபதென்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ தூளுக்கான இலைக்கு 90 ரூபாய். அப்போதைய மாற்று விகிதத்தில் நம் பணத்தில் ஏறக்குறைய ஒன்றரை வெள்ளி.

புக்கிட் பாஞ்சாங் காப்பிக்கடையில் ஒரு தே குடித்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு கிலோ தூளில் சில நூறு கோப்பைகள் போடலாம். இலை பறித்த குடும்பத்துக்கு அதில் ஒரு கோப்பைக்கான காசு.

ஆகவே, அங்கிளின் கேள்விக்கு என் பதில்: வில்லா வேண்டாம். இதில் ஆசையைவிடச் சட்டம் முக்கியம். இந்திய அந்நியச் செலாவணி விதிகளின்படி ஓசிஐ அட்டை வைத்திருப்பவரோ வெளிநாடுவாழ் இந்தியரோ அங்கு விவசாய நிலமோ தோட்டமோ பண்ணைவீடோ வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வேறு. ‘எஸ்டேட்டுக்குள் அழகான மனை’ என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களை அந்த விதியோடு சேர்த்துப் படிக்கவேண்டும். கூடலூர்ப் பக்கம் ஜென்மம் நிலங்களின் உரிமை வழக்குகள் தலைமுறை கடந்தவை. மலையில் கட்டுமான உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அது நல்லதற்கே. 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டில் மண் சரிந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் புதைந்தன. அந்த வயநாடு கூடலூர், பந்தலூருக்குப் பக்கத்து மாவட்டம்.

சுற்றுப்பயணத் தொழிலுக்கும் எல்லை வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடைக்காலத்தில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு போட்டார்கள். விடுதி முதலாளிகள் முணுமுணுத்தார்கள். ஆனால், தண்ணீருக்கும் சாலைக்கும் அந்த மலையால் தாங்க முடிந்தது அவ்வளவுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் வாய்ப்பு எங்கே? பொட்டலத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பறிக்கும் இலையிலிருந்து நீலகிரியில் ஒரு தேயிலை செய்கிறார்கள். குளிரில் மெதுவாக வளர்ந்த இலைக்குத் தனி மணம் உண்டு என்று சுவைப்போர் சொல்வார்கள். நாகானோவின் அகர்-அகர் போலவே இதுவும் குளிரை விற்கும் தொழில். சாதாரண தூளுக்குக் கிடைக்காத விலை இதற்குக் கிடைக்கும். சிறு விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பான இன்ட்கோசர்வ், குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு 16 தொழிற்சாலைகளை நடத்துகிறது. அதன் உறுப்பினர்கள் ஏறக்குறைய 30,000 பேர். விற்பவர் இருக்கிறார். ஊட்டி வர்க்கிக்கும் தோடர் பூத்தையலுக்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது.

வாங்கும் பக்கத்தில் நாம் இருக்கிறோம். சிங்கப்பூரில் தேயிலைக்கு இறக்குமதித் தீர்வை இல்லை. 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் பதிவுசெய்துகொண்டால் ஒரு சிறு வணிகரும் இறக்குமதி செய்யலாம். வில்லாவுக்கான முன்பணத்தில் நூற்றில் ஒரு பங்குகூட முதல் தேவைப்படாது. சிரமம் விற்பதில்தான். நம்மவர்களுக்குத் தேநீர் என்றால் திடமான தூள், கெட்டிப்பால். பால் கலக்காமல் குடிக்கும் நீலகிரித் தேயிலையை யாருக்கு விற்பது? ஜப்பானியத் தேயிலைக்குப் பத்து வெள்ளி யோசிக்காமல் தரும் அதே இளையருக்கு என்பது என் ஊகம். ஊகம்தான், பணம் போடுகிறவர் முதலில் ஐந்து கிலோ வாங்கிச் சோதித்துப் பார்க்கட்டும்.

இதையும் மறைக்கக்கூடாது. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பிழைத்த நாகானோவிலும் மக்கள்தொகை ஆண்டுதோறும் குறைகிறது. நல்ல பொருளும் நல்ல விலையும் இளையரை மலையில் பிடித்துவைக்கப் போதவில்லை. ஆனால், இருப்பவர் கௌரவமாக இருக்க முடிகிறது. கிலோ இருபது ரூபாயில் அது முடியாது.

சென்ற வாரக் கடைசியில் தேக்கா பக்கம் மூன்று மளிகைக் கடைகளில் தேயிலை அடுக்கைத் தேடிப் பார்த்தேன். பலசரக்குக் கலவைத் தூள்கள்தான் வரிசையாக நின்றன. ‘நீலகிரி’ என்று பெரிய எழுத்தில் போட்ட பொட்டலம் என் கண்ணில் படவில்லை. “கேட்டா வரவழைச்சுத் தர்றேன், ஆனா கேக்குறதுக்கு ஆள் வேணுமே தங்கச்சி,” என்றார் ஒரு கடைக்கார அண்ணன்.

திரும்பி வந்து அங்கிளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்ட விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. மின்தூக்கி வந்தது. கதவு மூடும் முன் கை வைத்து நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“அந்தப் பனித் தேயிலை, கால் கிலோ என்ன விலைம்மா வரும்?”