எட்டு போர்ட்டுக்கும் எட்டுப் பெயர்

மல்டிபோர்ட் சீரியல் கார்டு என்பது கணினியின் ஒரே ஸ்லாட்டில் அமர்ந்து 4, 8 அல்லது 16 சீரியல் போர்ட்டுகளைத் தரும் அட்டை. இன்றைய மதர்போர்டுகள் பலவற்றின் பின்புறத்தில் சீரியல் போர்ட் ஒன்றுகூட இருப்பதில்லை. எடை இன்டிகேட்டர், பிஎச் மீட்டர், புகைபோக்கி வாயு அளவி, ஓட்டமானி ஆகியவையோ 9 பின் இணைப்பியை இன்னும் விடவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் உப்பனாற்றை ஒட்டிய சிப்காட் வளாகம், நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு வட்டாரங்களில் கரும்பு வண்டி ஏறும் எடை மேடைகள், சிதம்பரத்துக் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்கள் போன்ற இடங்களில் இந்தக் கார்டுக்கு வேலை இருக்கிறது. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கு இணையவழிக் கண்காணிப்பை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் கட்டாயமாக்கியது. ஒரே கணினியில் பல அளவிகளைச் சேர்க்க வேண்டிய தேவையை அது மேலும் கூட்டியது. கார்டைச் செருகுவது அரைமணி நேர வேலை. எந்த போர்ட் எண் (விண்டோஸில் காம் எண்) எந்தக் கருவிக்கு என்று நிலைநிறுத்துவதில்தான் மீதி நேரமெல்லாம் போகிறது.

யூஎஸ்பி மாற்றிகள் மலிவாகக் கிடைக்கும்போது கார்டு எதற்கு என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. வரிசை எண் பொறிக்கப்படாத யூஎஸ்பி மாற்றியைக் கழற்றி வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதற்குப் புதிய காம் எண் தருகிறது. இரண்டு எடை மேடைகள் உள்ள இடத்தில் இரண்டு மாற்றிகளும் இடம் மாறினால், முதல் மேடையில் நிற்கும் லாரியின் எடை இரண்டாம் மேடையின் சீட்டில் அச்சாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு மட்டும் தப்பாகும். ஸ்லாட்டில் திருகி இறுக்கிய கார்டை யாரும் போகிற போக்கில் பிடுங்கிச் செருகுவதில்லை.

கார்டின் அமைப்பை அறிய அதன் பழைய தலைமுறையைப் பார்க்க வேண்டும். ஐபிஎம் பிசி மரபில் காம்1, காம்3 இரண்டும் 4ஆம் இன்டரப்டையும் (போர்ட் கணினியை அழைக்கும் தடம்), காம்2, காம்4 இரண்டும் 3ஆம் இன்டரப்டையும் பங்கிட்டன. ஐஎஸ்ஏ பஸ்ஸில் ஒரு இன்டரப்டை இரண்டு கார்டுகள் ஒரே நேரத்தில் நம்பகமாகப் பயன்படுத்த முடியாது. அதனால் ஜம்பரும் டிப் சுவிட்சும் வைத்து முகவரியையும் இன்டரப்டையும் கையால் ஒதுக்க வேண்டியிருந்தது. பிசிஐ வந்த பிறகு இன்டரப்டைப் பகிர்வது இயல்பாயிற்று; முகவரிகளைக் கணினியே ஒதுக்குகிறது. எட்டு போர்ட்டும் ஒரே இன்டரப்டில் இயங்க, எந்த போர்ட் அழைத்தது என்பதை டிரைவர் கேட்டறிந்துகொள்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது ஸ்லாட்: பழைய பிசிஐயா, பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸா, கேபினெட் ஒல்லியானது என்றால் குட்டை பிராக்கெட் உண்டா என்பது. இரண்டாவது மின் வகை: ஆர்எஸ்-232 மட்டுமா, 422, 485 ஆகியவையும் சேர்ந்ததா என்பது. மூன்றாவது சிப்பின் ஃபிஃபோ, அதாவது வரும் எழுத்துகளைச் சற்று நேரம் தேக்கி வைக்கும் இடம். வினாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம், 11,520 எழுத்துகள் வரும். ஒவ்வோர் எழுத்துக்கும் சுமார் 87 மைக்ரோ வினாடி. தேக்கம் இல்லாத பழைய 8250 சிப் ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியை எழுப்பும். 16 எழுத்து தேக்கும் 16550ஏ சிப்பில் 14 எழுத்துக்கு ஒருமுறை எழுப்பினால் போதும். வினாடிக்குச் சுமார் 820 அழைப்புகள். எட்டு போர்ட்டும் முழு வேகத்தில் ஓடும் இடத்தில் 128 எழுத்து தேக்கும் 16சி950 வகை பொருந்தும். 9600 வேகத்தில் பேசும் எடை இன்டிகேட்டர்கள் மட்டுமே என்றால் 16550 வகையே தாராளம்.

பொருத்துவதற்கு முன் மின் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை இறக்க வேண்டும். நிலைமின் தடுக்கும் கைப்பட்டை இல்லையென்றால் கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்ட பிறகே கார்டைத் தொட வேண்டும். கார்டில் டிப் சுவிட்ச் இருந்தால் ஆர்எஸ் வகையை அப்போதே அமைப்பது நல்லது. மூடிய பின் மறுபடி திறக்க நேராது. பிராக்கெட் திருகை விட்டுவிடக் கூடாது. எட்டு வால் கொண்ட ஆக்டோபஸ் கேபிளின் எடை முழுவதும் கார்டின் மேல்தான் தொங்குகிறது.

விண்டோஸில் டிரைவர் நிறுவியதும் டிவைஸ் மேனேஜரில் புதிய காம் எண்கள் தெரியும். முன்பு செருகிய யூஎஸ்பி மாற்றிகளுக்கு ஒதுக்கிய எண்கள் பயன்பாட்டில் இருப்பதாகவே காட்டும். மறைந்த சாதனங்களைக் காட்டச் செய்து அவற்றை நீக்கினால் எண்கள் விடுபடும். எண் ஒதுக்கும்போது மென்பொருளின் வயதையும் கவனிக்க வேண்டும். விஷுவல் பேசிக் 6இல் எழுதிய எடை மேடை மென்பொருள்கள் பயன்படுத்தும் எம்எஸ்காம் கருவி 16ஆம் எண்ணுக்கு மேல் திறக்காது. லினக்ஸின் பல வழங்கல்களில் 8250 டிரைவர் இயல்பாக நான்கு போர்ட்டுகளையே உருவாக்குகிறது. கார்டு தெரிந்தும் ஐந்தாவது போர்ட் தெரியவில்லையென்றால் கர்னல் தொடக்க அளவுருவில் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும். பயனரை டயல்அவுட் குழுவில் சேர்க்காவிட்டால் போர்ட் இருந்தும் திறக்காது.

கருவியை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு போர்ட்டையும் தனியாகச் சோதிப்பது அவசியம். 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, டெர்மினல் நிரலில் தட்டிய எழுத்து திரும்பி வந்தால் போர்ட்டும் டிரைவரும் சரி. கருவி பேசாத நிலையில் அடுத்த சந்தேகம் கேபிள். நேர் கேபிளா, குறுக்குக் கேபிளா என்பதை மல்டிமீட்டரே சொல்லிவிடும். ஆர்எஸ்-232இல் சும்மா இருக்கும் அனுப்பும் கம்பி, 5ஆம் பின்னுடன் ஒப்பிட்டால், பொதுவாக மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் காட்டும். கருவியின் எந்தப் பின்னில் மைனஸ் தெரிகிறதோ அதுவே அதன் அனுப்பும் பின். அது கார்டின் 2ஆம் பின்னுக்குப் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகே வேகம், பிட் எண்ணிக்கை, பாரிட்டி. குப்பை எழுத்து வந்தால் இந்த மூன்றில் ஒன்று பொருந்தவில்லை. எழுத்தே வராவிட்டால் கம்பியிலோ ஹேண்ட்ஷேக்கிலோ கோளாறு.

ஆர்எஸ்-232க்கு மரபாகச் சொல்லும் எல்லை 15 மீட்டர். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கழிவுநீர்த் தொட்டி வரை போக வேண்டுமென்றால் 485 வேண்டும். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை, ஒரே முறுக்கு ஜோடியில் மரபாக 32 கருவிகள் வரை அது தாங்கும். இரு முனைகளிலும், இரு முனைகளில் மட்டுமே, 120 ஓம் மின்தடை வைக்க வேண்டும். ஏ, பி என்ற குறிகளைத் தயாரிப்பாளர்கள் ஒரே மாதிரி பயன்படுத்துவதில்லை. பதில் வராத கருவியில் முதலில் இரு கம்பிகளையும் மாற்றிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கடற்கரை மாவட்டத்துக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உப்புக் காற்று இணைப்பிகளைப் பச்சை பூக்கச் செய்யும். தங்க முலாம் பூசிய பின்களும், பயன்படாத போர்ட்டுகளுக்கு மூடியும் தேவை. ஐப்பசி, கார்த்திகை இடியோ நீண்ட கேபிள் வழியாகவே கார்டுக்கு வருகிறது. வெளியே நிற்கும் மேடைக்கும் உள்ளே இருக்கும் கணினிக்கும் எர்த் வேறுபட்டால், சாதாரண நாளிலும் தரைக் கம்பியில் மின்னோட்டம் பாயும். வெளிக் கேபிள் வரும் போர்ட்டுகளுக்கு ஒளிவழித் தனிமைப்படுத்தலும் சர்ஜ் பாதுகாப்பும் கொண்ட கார்டே ஏற்றது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அத்தகைய நீண்ட மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பும் வேளைக்கு முன்பே கேபிள்களைக் கழற்றி வைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

கழற்றியதைத் திரும்ப மாட்டுபவர் அன்று கார்டைப் பொருத்தியவராகவே இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் கடைசி வேலை எழுத்து வேலை. ஆக்டோபஸ் கேபிளின் ஒவ்வொரு வாலிலும், கருவியின் முனையிலும் ஒரே பெயர் ஒட்ட வேண்டும். போர்ட் எண், கருவி, வேகம், பாரிட்டி, கேபிள் வகை, டிப் சுவிட்ச் நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவின் உட்புறம் ஒட்டி, அதன் நகலைப் பராமரிப்புப் பதிவேட்டில் வைக்க வேண்டும். பிறகு கணினியை ஒருமுறை முழுவதும் அணைத்து ஏற்றி, ஒவ்வொரு கருவியிலும் தெரிந்த ஒரு மதிப்பை உண்டாக்கி, அது தன் பெயருக்கு எதிரே வருகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டும் சரியாக வந்தால் கார்டு நிறுவப்பட்டது.