சினிமாப் படிப்பு யாருக்கு?

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை ஒருவன், "கல்லூரியில் சேர்ந்து சினிமா எடுக்கப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் தகப்பனாருக்குக் கோபம் வருகிறது. ஊராருக்குச் சிரிப்பு வருகிறது. "அதற்கெல்லாம் அந்த வம்சத்தில் பிறக்க வேண்டும், அல்லது தலையில் எழுதியிருக்க வேண்டும்" என்று புத்தி சொல்ல நாலு பேர் கிளம்பிவிடுகிறார்கள். வைத்தியமும் வக்கீல் தொழிலும் நமக்கில்லை என்று ஒரு காலத்தில் சொன்ன அதே வாய்தான் இன்று இதையும் சொல்லுகிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

சினிமாத் தொழில் தலையெழுத்தில் இருக்கிறதா, படிப்பில் இருக்கிறதா என்பதற்கு நமக்கு அண்டையிலேயே சாட்சி உண்டு. கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்தச் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்து 1950-ல் வெளியிட்ட "மந்திரி குமாரி"யை, அதன் முதலாளி டி. ஆர். சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமா படித்துவிட்டு 1935-ல் இந்தியா வந்தவர். தமிழ் அறியாதவர். அவருடைய நாவில் எந்தக் கலைமகள் வந்து எழுதினாள்? காமிராவை எங்கே வைப்பது, வெளிச்சத்தை எப்படிப் பாய்ச்சுவது என்று கற்றிருந்தார், அவ்வளவுதான். சென்னையிலும் 1945-லேயே சர்க்கார் சினிமாப் படிப்பைத் துவக்கியது. அந்தப் பள்ளியில் படித்தவர்கள் 1986-ல் "ஊமை விழிகள்" எடுத்துக் காட்டினார்கள். காமிராவுக்கு எத்தனை தேங்காய் உடைத்தாலும், குவியம் தப்பினால் படம் மங்கலாகத்தான் விழும்.

நிற்க. கருவியை மட்டும் கற்றால் போதுமா என்றால், போதாது என்றே சொல்லுவோம். எதைப் படம் பிடிப்பது என்று அறியாதவன் கையில் காமிரா இருந்து பயனென்ன? சரித்திரமும் பொருளாதாரமும் இலக்கியமும் சொல்லிக்கொடுக்கும் சிறு கலைக் கல்லூரியிலேயே சினிமாவையும் கற்பிக்க வேண்டும் என்பது இதனால்தான். வகுப்பில் இருபது பேர் இருந்தால் இருபது பேர் கையும் கருவியில் படும். இருநூறு பேர் இருந்தால் வேடிக்கை பார்ப்பதோடு சரி.

கல்வராயன் மலை மக்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தவர்கள். அந்த நாட்களைக் கண்ட கிழவர்களும் கிழவிகளும் நாளுக்கு நாள் குறைந்துவருகிறார்கள். அவர்கள் சொல்வதை யார் பதிவு செய்வது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்திற்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானபோது வெளியூர்க் காமிராக்கள் வந்து குவிந்தன. சவத்தையும் அழுகையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டன. கூலிக்காரன் அந்தக் குடிக்கு எப்படி ஆளானான், மிஞ்சிய குடும்பம் அடுத்த வருஷம் எப்படிப் பிழைத்தது என்பதை, அதே தெருவில் பிறந்து படித்த பிள்ளையல்லவா இருந்து பார்த்து எடுப்பான்? பிறர் எடுக்கும் படத்தில் நாம் எப்போதும் பரிதாபத்திற்கோ பரிகாசத்திற்கோ உரியவர்களாகவே இருக்க வேண்டுமா என்று கேட்கிறோம்.

ஆனால் ஏமாறவும் வேண்டாம். "ஆறே மாதத்தில் டைரக்டராக்குகிறோம்" என்று லட்சக்கணக்கில் வசூலிக்கும் கடைகளும் உண்டு. நிலத்தை அடகு வைக்குமுன் பெற்றோர்கள் கேட்கட்டும்: காமிரா எத்தனை, மாணவர் எத்தனை? ஒவ்வொரு மாணவனும் சொந்தமாக எத்தனை படம் எடுக்கிறான்? கற்பிப்பவர் தொழில் செய்தவரா? முன்பு படித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்? பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். படித்த எல்லோரும் டைரக்டராகிவிட மாட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் ஒலிப்பதிவும், படத்தொகுப்பும், ஒளியமைப்பும் கௌரவமாகப் பிழைக்கக்கூடிய தொழில்களே.

சர்க்காருக்கும் ஒன்று சொல்லுவோம். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி ஜில்லாவாயிற்று. ஜில்லா வந்தால் ஆபீசுகள் வந்தால் மட்டும் போதாது. இங்குள்ள அரசு கலைக் கல்லூரிகளில் இப்படிப்பை வைத்து, மலைப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கி, கருவியும் விடுதியும் இலவசமாய்க் கொடுக்கட்டும். படிப்பு பொதுவானால் தொழிலும் பொதுவாகும்; வம்சம் என்ற பேச்சும் தானாக ஒழியும்.