எண்ணெயை அழைத்து வரும் நீராவி

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று மைக்ரோவேவ் அடுப்பு இடம் பெற்றிருக்கிறது. காலையில் வடித்த சோற்றை இரவில் அதில் சூடாக்கினால் சோற்றில் ஆவி பறக்கிறது. கண்ணாடிக் கிண்ணமோ அவ்வளவு சுடுவதில்லை. நுண்ணலைகளைச் சோற்றிலுள்ள நீரே பெரிதும் ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் இதன் இரகசியம். இதே உண்மை கடலைக் காக்கவும் உதவக்கூடும் என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

பெட்ரோலியக் கிணறு தோண்டும்போது, துளைக்கும் கருவியின் சூட்டைத் தணிக்கவும், உடைபட்ட பாறைத் துணுக்குகளை மேலே கொணரவும் ஒருவகைச் சேற்றுக் குழம்பை உள்ளே செலுத்துவர். கடினமான கிணறுகளில் இக்குழம்பை எண்ணெய் கொண்டே தயாரிப்பதுண்டு. அப்போது வெளிவரும் துணுக்குகளிலும் எண்ணெய் ஊறியிருக்கும். ஐரோப்பாவின் வடகடலில் முன்னாளில் இவற்றை அப்படியே நீரில் கொட்டினார்கள். கடலடியில் வாழும் சிற்றுயிர்களுக்கு அது பெருங்கேடாய் முடிந்தது. அக்குவியல்களுள் பல இன்றும் அங்கே கிடக்கின்றன.

வடகிழக்கு அட்லாண்டிக்கைக் காக்க ஒன்றுகூடிய ஆஸ்பார் உடன்படிக்கை நாடுகள், 2000-ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தன. உலர்ந்த துணுக்குகளின் எடையில் நூற்றுக்கு 1 பங்குக்கு மேல் எண்ணெய் இருப்பின் கடலில் கொட்டலாகாது என்பது அவ்விதி. கழிவைக் கப்பலேற்றிக் கரைக்குக் கொணர்ந்து சுத்தம் செய்வதோ பெருஞ்செலவு.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக அறிஞர்கள் இதற்கு நுண்ணலையை நாடினர். எண்ணெய் அவ்வலைகளை அநேகமாக ஏற்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் தங்கிய நீர் ஏற்கிறது. அந்நீர் கணப்பொழுதில் ஆவியாகிச் சீறி வெளியேறுகையில் எண்ணெயையும் உடன் இழுத்து வருகிறது. பாறை முழுவதையும் எண்ணெயின் கொதிநிலைக்குச் சூடேற்ற வேண்டியதில்லை. ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெயும் திரும்பக் கிடைக்கும். துணுக்குகள் மிகவும் உலர்ந்திருந்தால் சிறிது நீர் சேர்க்கிறார்கள். இடைவிடாது இயங்கும் சோதனை இயந்திரத்தில் அந்த 1 பங்கு வரம்புக்கும் கீழே இறங்க முடிந்ததென்று 2010-இல் அறிவித்தனர்.

எண்ணெயும் நீரும் ஒட்டா என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். இங்கோ நீரே எண்ணெயைக் கைபிடித்து வெளியே அழைத்து வருகிறது!

1974-இல் பம்பாய்க்கு மேற்கே கடலில் எண்ணெய் கண்டது முதல், இது நமக்கும் தொலைவான செய்தியன்று. நம் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவதை நாம் நாகரிகம் என்று கொள்வதில்லை. கடலும் பல்லாயிரம் உயிர்களின் வாசல்தான். கொட்டிய பின் அள்ளுவது அரிது. கொட்டுமுன் சுத்தம் செய்வதே அறிவுடைமை.