தானியங்கி போதுமா?

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது பழமொழி. முகமே தெரியவில்லை என்றால் என்ன செய்வது?

என்னிடம் ஒரு நிழற்படம் இருக்கிறது. நான் இக்கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, முதலாமாண்டு மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தன்று எடுத்தது. பென்னலூரில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறியவர் எனக்கு முன் எவருமில்லை. ஆகவே அன்று என் அம்மா, அரை நாள் கூலியை விட்டுவிட்டு, பெட்டியில் கிடந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முகப்பில், சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரின் முன் எங்கள் இருவரையும் நிறுத்தி, விழாக் குழுவைச் சேர்ந்த ஓர் அண்ணன் கல்லூரிக் காமிராவால் படம் எடுத்தார். நண்பகல் வெயில். அம்மா முந்தானையைத் தலைமேல் போட்டிருந்தார்.

படம் அச்சாகி வந்தது. கட்டடத்தின் ஒவ்வொரு தூணும் தெளிவாகத் தெரிந்தது. பெயர்ப் பலகையின் எழுத்துக்களைக்கூடப் படிக்க முடிந்தது. எங்கள் இருவரின் முகம் இருந்த இடத்தில் மட்டும் கருமை. அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, “காலேஜு நல்லா விழுந்திருக்குடா” என்றார்.

அந்தச் சொல்தான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது.

பீரோவில் உறங்கும் கருவி

குற்றம் காமிராவினுடையது என்றே நான் ஓராண்டு நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டாமாண்டில் ஒளியியல் பாடம் தொடங்கியபோது, எங்கள் பேராசிரியர் பீரோவைத் திறந்து அதே கருவியை மேசைமேல் வைத்தார். அது கேனன் நிறுவனம் 2010-ல் வெளியிட்ட பவர்ஷாட் ஜி12. கைக்கு அடக்கமானது, ஆயினும் பெரிய காமிராக்களில் உள்ள கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை இதில் உண்டு. 15 விநாடியிலிருந்து விநாடியில் 4000-ல் ஒரு பங்கு வரை ஷட்டர் வேகம். 80 முதல் 3200 வரை ஐ.எஸ்.ஓ. உணர்திறன், எப்பக்கமும் திரும்பும் திரை, தலையில் பல்சக்கரம் போன்ற திருகு வட்டுகள்.

அந்த வட்டில் ‘ஆட்டோ’ என்னும் இடத்தில் மட்டும் தேய்மானம் இருந்தது. மற்ற எழுத்துக்கள் புதிது போல் பளபளத்தன. விழா நாளன்று வெளியே வரும். சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றுவதைப் படம் பிடிக்கும். மறுபடி பீரோவுக்குள் போய்விடும். இத்தனை ஆண்டுகளாக அதன் வாழ்க்கை இதுதான்.

தானியங்கி முறை என்ன செய்கிறது? எதிரே உள்ள காட்சியின் ஒளியை அளந்து, “உலகம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம்” என்று வைத்துக்கொள்கிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. வெள்ளைச் சுவர் எதிரே வந்தால், “ஒளி மிகுந்துவிட்டது” எனக் கருதிக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், சுவருக்கு முன் நிற்கும் மாநிற முகம் கருமையாகும். முகத்தைக் கண்டறியும் ஆற்றல் இக்கருவிக்கு உண்டுதான். ஆனால் முந்தானை நிழலில் இருந்த முகத்தை அது முகமென்று கொள்ளவில்லை போலும்.

இது இன்று நேற்று வந்த கோளாறு அன்று. வண்ணச் சுருள் காலத்தில், அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் அனுப்பிய அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி! கருவி யாருடைய கண்ணைக் கொண்டு பார்க்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வட்டைத் திருப்பினால்

அந்த வட்டில் ‘டிவி’ என்று ஓர் எழுத்து உண்டு. தொலைக்காட்சியோடு இணைக்கும் வழி போலும் என்று நான் நினைத்தேன், வகுப்பே சிரித்தது. அதன் பொருள் ‘நேர மதிப்பு’. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை நாம் சொல்ல, துளையின் அளவைக் கருவி பார்த்துக்கொள்ளும். எங்கள் ஊர் வழியே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கம்பெனிப் பேருந்து வருகிறது என்று கொள்வோம். விநாடியில் 30-ல் ஒரு பங்கு நேரத்தில் அது அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். படத்தில் வெறும் தீற்றல். 1000-ல் ஒரு பங்கில் நகர்வது 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. சன்னலோரம் தூங்கி வழியும் முகம்கூடத் தெரியும். இரவு ஷிப்ட் மாறும் வேளையில் கருவியை மதில்மேல் வைத்து 2 விநாடி திறந்து பாருங்கள். பேருந்துகள் மறைந்து, சிவப்புக் கோடுகள் மட்டும் ஒரகடம் நோக்கி ஓடும். சாலை ஒன்றே; பேருந்தும் ஒன்றே. எதைக் காட்டுவது என்பது மட்டும் நம் கையில்.

‘ஏவி’ என்பது துளையை நாம் முடிவு செய்யும் முறை. குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண். இக்கருவியின் லென்ஸ், அகலப் பார்வையில் 6.1 மில்லிமீட்டர் குவியத் தூரம் உடையது. எஃப் 2.8-ல் துளையின் விட்டம் ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டர், எஃப் 8-ல் முக்கால் மில்லிமீட்டர். எண் கூடக் கூட ஒளி குறைகிறது; இங்கே எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. சினிமாவில் வருவது போல் பின்புலம் கரைந்துபோகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். குவியத் தூரம் இவ்வளவு சிறிதாக இருக்கும்போது முன்னும் பின்னும் பெரும்பாலும் தெளிவாகவே விழும். ஏன் என்று கேட்டால் அதுவே ஒரு பாடம்.

‘எம்’ முறையில் இரண்டும் நம் பொறுப்பு. பௌர்ணமி நிலவைத் தானியங்கியில் எடுத்தால் ஒரு வெள்ளைப் பொட்டு. சுற்றியுள்ள இருட்டைக் கண்டு கருவி ஒளியைக் கூட்டிவிடுகிறது. நிலவோ வெயிலில் கிடக்கும் பாறை! ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, விநாடியில் 200-ல் ஒரு பங்கு என்று வைத்தால், சிறிய உருவமாயினும் அதன் கறைகள் தெரிகின்றன. எங்கள் வீட்டு மாடியிலிருந்து 15 விநாடி வானத்தைத் திறந்து வைத்தும் பார்த்தேன். விண்மீன்களைவிடத் தொழிற்சாலைகளின் வெளிச்சமே மிகுதியாக விழுந்தது. அதுவும் ஓர் உண்மைதானே?

காட்சி முறைகள் என்று ஒரு பட்டியலே உண்டு: கடற்கரை, வாணவேடிக்கை, பனி... பனி பெய்யாத பென்னலூரில் பனி முறை எதற்கு என்று நகைத்தேன். பிறகுதான் புரிந்தது. பனியும் வெள்ளை, சுண்ணாம்புச் சுவரும் வெள்ளை. “வெள்ளையைச் சாம்பலாக்காதே, ஒளியைக் கூட்டு” என்பதே பனி முறையின் கட்டளை. அன்று அதைத் திருப்பியிருந்தால் என் அம்மாவின் முகம் தெரிந்திருக்கும்! அதுகூட வேண்டியதில்லை. ‘பி’ முறையில் வைத்து, இடப்பக்கத்து வட்டைக் கூட்டல் 1-க்குத் திருப்பினால் போதும்; உள்ளே வரும் ஒளி இரு மடங்காகும்.

படத்தை ‘ரா’ கோப்பாகச் சேமிக்கவும் வழி உண்டு. வழக்கமான ஜேபெக் சோறு என்றால், இது அரிசி. எப்படிப் பொங்குவது என்பதைப் பிறகு நாமே முடிவு செய்யலாம்.

இன்னொரு செய்தி என்னை வியக்கவைத்தது. இதே வரிசையில் 2008-ல் வந்த ஜி10-ல் 1 கோடியே 47 லட்சம் படப்புள்ளிகள் இருந்தன. 2009-ல் வந்த ஜி11-ல் அதை 1 கோடியாகக் குறைத்தார்கள். மங்கிய ஒளியில் படம் தூய்மையாக வரவேண்டும் என்பதற்காகவே அந்தக் குறைப்பு. எண்ணிக்கை பெருகுவது மட்டுமே வளர்ச்சி ஆகாது என்பதை விற்பவரே ஒப்புக்கொண்ட அரிய நிகழ்ச்சி அது.

கைப்பேசி இருக்கிறதே?

“எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கும்போது இந்தப் பழங்கருவி எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஜப்பானியக் காமிரா நிறுவனங்கள் 2010-ல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்களை உலகெங்கும் அனுப்பின. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கைப்பேசி வென்றுவிட்டது. இருட்டில் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைத்து அது தரும் படம், பல நேரங்களில் இக்கருவியின் படத்தைவிட மேலானது என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த வெற்றி நம் ஊரோடு தொடர்புடையது என்பதால் ஒன்று சொல்கிறேன். 2006 முதல் 2014 வரை நோக்கியா கைப்பேசிகள் திருப்பெரும்புதூரில் உருவாயின. இன்று உலகெங்கும் படம் பிடித்துக்கொண்டிருக்கும் ஐபோன்களில் ஒரு பகுதி சுங்குவார்சத்திரம் பக்கத்தில்தான் பூட்டப்படுகிறது. என் அக்காவும் இந்த வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் கைப்பேசிக்குள் காமிராப் பகுதியைப் பொருத்தும் வரிசையில் நிற்கிறாள். அவள் வேலைக்குள் நுழையும்போது, அவளுடைய கைப்பேசியின் காமிராக் கண்மீது வாயிலில் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டிவிடுகிறார்கள். நாளெல்லாம் கண்களைப் பொருத்துகிறவளின் சொந்தக் கண் மூடப்பட்டிருக்கிறது. தொழில் இரகசியம் காக்கும் விதி அது; அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று.

ஒருநாள் அவளிடம், “அந்த லென்ஸுக்கு எஃப் எண் எவ்வளவுக்கா?” என்று கேட்டேன். “அதெல்லாம் எங்களுக்கு எதுக்குடா? பச்சை லைட்டு எரிஞ்சா அடுத்ததுக்குத் தள்ளிடுவோம்” என்றாள்.

நண்பர்களே, பட்டம் பெற்ற பின் நம்மில் பலர் போகப்போவதும் அதே வரிசைகளுக்குத்தான். அதில் இழிவு ஒன்றுமில்லை. என் படிப்புச் செலவு அந்த வரிசையிலிருந்துதான் வருகிறது. ஆனால் பச்சை விளக்கு ஏன் எரிகிறது என்று அறியாமலே போவோமானால், மூன்றாண்டு இயற்பியல் படித்ததன் பயன் என்ன? பெரும்பாலான கைப்பேசி லென்ஸ்களில் துளையின் அளவு மாறுவதே இல்லை. முடிவுகளை அது தானே எடுத்து, முடிந்த படத்தை நம்மிடம் நீட்டுகிறது. இந்தப் பழங்கருவியோ, “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்கிறது. மாணவனிடம் கேள்வி கேட்கும் கருவியே சோதனைச் சாலைக்கு உரியது.

என் வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களுக்கு நான் பணிந்து வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று.

முதலாவது, இக்காமிராவை ஒளியியல் செய்முறை வகுப்பில் ஒரு கருவியாகச் சேர்க்கலாம். எஃப் எண்ணுக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பை ஒரே பிற்பகலில் வரைபடமாகப் போட்டுவிடலாம்.

இரண்டாவது, விழாக்களைப் படம் பிடிக்கும் பொறுப்பை, வட்டைத் திருப்பத் தெரிந்த மாணவர் குழுவிடம் ஒப்படைக்கலாம். அக்குழு விழா மேடையோடு நில்லாமல், நம் ஊர் ஏரிகளின் நீர்மட்டத்தையும் மாதந்தோறும் ஒரே இடத்தில் நின்று, ஒரே அளவுகளோடு படம் பிடிக்கட்டும். சில ஆண்டுகள் சென்றபின் அதன் மதிப்பு தெரியும்.

மூன்றாவது, அடையாள அட்டையைப் பெற்றுக்கொண்டு, பதிவேட்டில் கையொப்பம் வாங்கி, நூலகப் புத்தகம் போல் ஒரு நாளைக்கு இரவல் தரலாம்.

உடைந்தால் யார் பொறுப்பு? இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர் தம் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிவருமோ என்ற அச்சம் உண்மையானது என்பதை அறிவேன். பூட்டி வைத்தவர்கள் கருமித்தனத்தால் பூட்டவில்லை. ஆயினும் பீரோவில் இருந்தால் மட்டும் கருவி பிழைத்திருக்குமா? மின்கலம் சாகிறது; லென்ஸில் பூஞ்சை படிகிறது. உழைத்துத் தேயும் கருவியைப் பதிவேட்டிலிருந்து கழிக்க விதி உண்டு. உழைக்காமல் கெட்டதை என்னவென்று எழுதுவது?

சென்ற மாதம் பேராசிரியரின் அனுமதியோடு அரை மணி நேரம் அக்கருவி என் கைக்கு வந்தது. அம்மாவை வரச் சொன்னேன். அதே சுவர், அதே வெயில். ‘பி’ முறை, கூட்டல் 1. திரையைத் திருப்பி அவரிடம் காட்டினேன். நெற்றியின் குங்குமம், கண்ணோரச் சுருக்கம், சிரிக்கலாமா கூடாதா என்று தயங்கும் உதடு எல்லாம் தெரிந்தன. பின்னால் இருந்த சுவர் வெளுத்து, தூண்களும் பெயர்ப் பலகையும் ஏறக்குறைய மறைந்துவிட்டன.

அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, “காலேஜு சரியா விழலியேடா” என்றார்.

ஆம், விழவில்லை. முகம், கட்டடம் இரண்டில் எதைக் காட்டுவது என்று ஒருவர் முடிவு செய்தே ஆக வேண்டும். சென்ற முறை அதைக் கருவி செய்தது. இந்த முறை நான் செய்தேன்.