தாயின் பெயரை மறைக்கும் புகழ்

தமிழ்நாட்டில் ஒருவருடைய பெயரின் முன்னெழுத்துகளில் ஒன்று ஊரைக் குறிக்கும். மற்றொன்று பெரும்பாலும் தந்தையைக் குறிக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் பெயரில் 'எம்' என்பது மதுரை. 'எஸ்' என்பதோ தாய் ஷண்முகவடிவு. அந்த ஈரெழுத்தை நாடு முழுவதும் அறியும். சபைகளின் அழைப்பிதழ்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் அது பல்லாயிரம் முறை அச்சேறியிருக்கிறது. ஆயினும் அந்த இரண்டாம் எழுத்து யாருடையது, அந்தத் தாய் எத்தகைய குடியில் பிறந்தவர் என்று கேட்டுப் பாருங்கள். அம்மையாரைத் தெய்வமென்று போற்றுவோரில் பலர் பேச்சை மாற்றிவிடுவர். அப்படி மாற்றுவது ஏன் என்பதே நமது கேள்வி.

அவர் குரல் நமக்கும் அயலானதன்று. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் வைகறைப் பாங்கொலி ஓய்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம், தெருமுனைத் தேநீர்க் கடையிலிருந்து அவருடைய சுப்ரபாதம் எழுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிலும் உண்டு. அக்குரலின் இனிமையைப் பற்றி எவருடனும் நமக்கு வழக்கில்லை. அந்தக் குரலை உண்டாக்கிய வாழ்வை மறைத்துவிட்டு, "கலைமகளே இறங்கி வந்தாள்" என்று கைகூப்புகிற புகழ்ச்சியோடுதான் வழக்கு.

கலைமகள் இறங்கி வரவில்லை. 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தாய் ஷண்முகவடிவு வீணைக் கலைஞர். தமையன் சக்திவேல் மிருதங்கம் பயின்றார். தங்கை வடிவாம்பாள் வீணை பயின்றார். தேவதாசிகள் என்று உலகம் அழைத்த குடியினர் அவர்கள். கோயிலிலும் செல்வர் மாளிகையிலும் இசையையும் ஆடலையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள்; அதற்குக் கைம்மாறாகக் குடும்பப் பெண் என்ற பெயரை இழந்தவர்கள். அவ்வீட்டில் சுருதி தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. அதன் பிறகும் மதுரை சீனிவாச ஐயங்காரிடம் பாடம், செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் பாடம். புகழின் உச்சியில் நின்றபோதும் காசியின் சித்தேஸ்வரி தேவியிடம் மாணவியாக அமர்ந்து தும்ரி பயின்ற பணிவு. இத்தனை உழைப்பையும் "தெய்வ அருள்" என்ற ஒரு சொல்லால் துடைத்துவிடலாமா? உழைத்தவளின் கூலியை மறுப்பதற்கு இதைவிட மரியாதையான வழி வேறில்லை.

ஷண்முகவடிவை நாம் புனிதவதியாக்கவும் முற்படவில்லை. தாய் வகுத்துவைத்த வாழ்வை ஏற்க மனமின்றி, 1936-இல் மகள் மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அந்தத் தாய் ஒரு கொடிய வழக்கத்தின் கைதி. அதே வேளையில் நாடு இன்றளவும் போற்றுகிற இசையின் முதல் ஆசிரியை. இவ்விரண்டும் உண்மை. ஓர் உண்மையைச் சொல்ல மற்றோர் உண்மையை மறைக்க வேண்டியதில்லை.

சென்னைக்கு வந்த அந்தப் பெண்ணுக்குத் திரைப்படம் வாசலைத் திறந்தது. 1938-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'சேவாசதனம்' அவருடைய முதற்படம். பிரேம்சந்த் உருது மொழியில் 'பஸாரே ஹுஸ்ன்' என்று எழுதிய நாவலே அப்படத்தின் மூலம். பொருந்தா மணத்தில் தள்ளப்பட்டு, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, ஊரார் பழிக்கும் தெருவிலே போய் விழுந்த ஒரு பெண்ணின் கதை அது. தம் குடிக்குச் சமுதாயம் இழைத்த கொடுமையை நிழற்படமாக்கும் வேடத்தையே அவர் முதலில் ஏற்றார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சகுந்தலை'. துஷ்யந்தனாக நடித்தவர் ஜி.என். பாலசுப்பிரமணியம். அதே ஆண்டில் டி. சதாசிவத்துடன் திருமணம். 1941-இல் 'சாவித்திரி', அதில் அவர் ஏற்றது நாரதர் என்னும் ஆண் வேடம். அந்தப் படத்தின் ஊதியம் எங்கே போயிற்று? அதே ஆண்டில் தொடங்கப்பட்ட 'கல்கி' வார இதழுக்கு முதலாயிற்று. தமிழ் எழுத்துலகின் பெருமைகளுள் ஒன்றாகிய அவ்விதழின் அடித்தளத்தில், ஒரு நடிகை ஒப்பனையிட்டு நின்று ஈட்டிய பணம் கிடக்கிறது. இதழின் புகழைப் பேசுவோர் ஆசிரியரை நினைக்கின்றனர், வெளியீட்டாளரை நினைக்கின்றனர். முதல் தந்தவரை எத்தனை பேர் நினைக்கின்றனர்?

1945-இல் வந்த 'மீரா', 1947-இல் இந்தியிலும் வெளிவந்து, அவர் பெயரை வடநாடெங்கும் பரப்பியது. அத்துடன் அவர் திரையை விட்டு விலகினார். அதன் பிறகு என்ன நேர்ந்தது? மீராவின் பக்தி நடித்தவரின் மேல் படிந்தது. நடிப்பு என்ற தொழில் மறைந்துபோயிற்று. நான்கே படங்களில் நடித்தவர் என்று போகிற போக்கில் சொல்லி, அதை ஏதோ இளமைப் பிழைபோல ஒதுக்குகிறோம். ஏறி வந்த ஏணியை ஏறியவர் மறந்தாரோ இல்லையோ, வேடிக்கை பார்த்தவர்கள் விறகாக்கிவிட்டனர்.

இங்கே வடபுலத்தில் வாழ்ந்த மற்றொரு பெண்மணியை நினைவுகூர்வது பொருந்தும். 1914-இல் பைசாபாத்தில் பிறந்த அக்தரி பாயும் பாடகி, நடிகை, இசைவாணியாகிய தாய் முஷ்தரி பாயின் மகள். 1942-இல் மெஹ்பூப் கான் இயக்கிய 'ரோட்டி' படத்தில் நடித்தவர். 1945-இல் லக்னோ வழக்கறிஞர் இஷ்தியாக் அகமத் அப்பாசியை மணந்து பேகம் அக்தர் ஆனார். குடும்ப கௌரவம் அவரிடம் கேட்ட விலை என்ன தெரியுமா? பாட்டு! சில ஆண்டுகள் அவர் வாய் திறந்து பாடவில்லை. மனமும் உடலும் நலிந்தார். 1949-இல் லக்னோ வானொலி நிலையத்தில் மீண்டும் பாடிய பிறகே உயிர் பெற்றார். 1974-இல் மறையும்வரை பாடிக்கொண்டிருந்தார். சுப்புலட்சுமி அம்மையாரிடம் சமுதாயம் பாட்டைக் கேட்கவில்லை. பழைய வரலாற்றைக் கேட்டது. ஒருவர் குரலை அடகு வைத்தார். மற்றவர் பிறந்த வீட்டின் நினைவை அடகு வைத்தார். இந்து சமுதாயம், முஸ்லிம் சமுதாயம் என்ற வேற்றுமையின்றிக் கௌரவம் என்ற வட்டிக்கடை இருவரிடமும் ஈடு வாங்கியிருக்கிறது.

சதாசிவத்தின் பங்கை நாம் குறைத்துப் பேசவில்லை. கச்சேரியில் எப்பாட்டு எங்கே வரவேண்டும் என்பதுவரை திட்டமிட்ட மதிநுட்பம் அவருடையது. கஸ்தூர்பா நினைவு நிதி தொடங்கி எத்தனையோ அறப்பணிகளுக்கு அக்கச்சேரிகள் பொருள் திரட்டின. ஆனால் கொடை வள்ளல் என்று கணவரைப் புகழும்போது, கொடுக்கப்பட்ட பொருள் யாருடைய தொண்டையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதானே நேர்மை! கீழ்ப்பாக்கத்துக் 'கல்கி கார்டன்ஸ்' என்ற பெருமனையை விட்டு நுங்கம்பாக்கத்திற்கும், பின்னர் அடையாற்றின் கரையிலுள்ள கோட்டூர்புரத்திற்கும் அவர்கள் குடிபெயர நேர்ந்தது. வாரி வழங்கியவர் வீடு மாறியதைக் கண்ட ரசிகப் பெருமக்கள், அவருடைய எளிமையை வியந்தனர்!

மயிலாப்பூர், தியாகராய நகர் சபைகளின் கதையையும் பார்ப்போம். 1928-இல் தோன்றிய மியூசிக் அகாதமி, ஒரு பெண்ணைச் சங்கீத கலாநிதி ஆக்க 1968 வரை நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த முதற்பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி. அதற்கு ஈராண்டுக்கு முன்பே, 1966-இல், ஐக்கிய நாடுகள் சபையில் அவர் பாடிவிட்டார். உலகம் கேட்ட பின்னரே உள்ளூர்க்குக் காது திறந்தது. இடையில் 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்திற்காக நெடுங்காலம் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அதே குடியில் தோன்றிய தாயின் மகளே. கொடுமை ஒழிந்தது நன்று. அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் கலை மட்டும் பத்திரமாகச் சபை மேடை ஏறியது. அக்கலையைக் காத்த குடியினரில் பெரும்பாலோர் தெருவிலேயே நின்றனர். மேடையேறிய மிகச் சிலருள் ஒருவரிடமும், "பட்டுப்புடவை, குங்குமம், மல்லிகைப்பூ இவற்றோடு வா, பழைய முகவரியோடு வராதே" என்று சொல்லாமற் சொன்னோம். அவர் உடுத்த சேலையின் நீல நிறத்துக்கு அவர் பெயரைச் சூட்டி மகிழ்ந்தோம். அவர் பெயருக்குள் இருந்த தாயை மறந்தோம்.

"மறைந்த பெருமாட்டியின் பிறப்பைக் கிளறுவது பண்பாகுமா?" என்று சிலர் சினந்து கேட்கக்கூடும். அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்: அந்தப் பிறப்பில் மறைக்கத் தக்க இழிவு யாது? வீணை வாசித்துப் பிள்ளைகளை வளர்த்த தாய்க்குப் பிறந்தார் என்பது இழிவா? இழிவென்று நினைப்பவரே மறைக்க விரும்புவார். அப்படி மறைப்பவர் அம்மையாரை மதிக்கவில்லை, அவருக்காக வெட்கப்படுகிறார்.

இவ்வாதம் பழங்கதையன்று. 2024-இல் டி.எம். கிருஷ்ணாவைச் சங்கீத கலாநிதி விருதுக்கு அகாதமி தேர்ந்தெடுத்தபோது, அதனுடன் எம்.எஸ். பெயரில் வழங்கப்படும் பரிசு நீதிமன்றம் ஏறியது. அம்மையாரின் வாழ்வை ஆராய்ந்து கிருஷ்ணா எழுதியவை அவரை இழிவுபடுத்துவன என்பது வழக்குத் தொடுத்த குடும்பத்தாரின் வாதம். தம் பெயரில் நினைவுச் சின்னம் வேண்டாமென்ற அம்மையாரின் உயிலையும் அவர்கள் காட்டினர். உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி தடை விதித்தார். இரு நீதிபதிகள் அத்தடையை நீக்கினர். 2024 டிசம்பர் 16-இல் உச்ச நீதிமன்றம், அப்பரிசைப் பெற்றவராகக் கிருஷ்ணாவைக் கருதலாகாது என இடைக்கால உத்தரவிட்டது. உயிலின் பொருளையும் பரிசின் உரிமையையும் நீதிமன்றங்கள் தீர்க்கட்டும். அது அவற்றின் வேலை. ஆராய்ச்சியும் இகழ்ச்சியும் ஒன்றா என்பதைத் தீர்க்க வேண்டியவர்கள் நாம். எழுதியவரின் முடிவுகள் தவறாயின் மறுத்து எழுதலாம். கேள்வியே கேட்கலாகாது என்பது அன்பின் குரலாகாது.

வாசகப் பெருமக்களே, இது அயல்வீட்டுக் கதை என்று நாம் ஒதுங்கவும் வழியில்லை. கீழக்கரை ஆசியா உம்மாவையும் தென்காசி ரசூல் பீவியையும் நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அறிவர்? பாடிய பெண்ணை மறக்கும் வழக்கத்தில் நமக்கும் பங்குண்டு. நம் பெண்மக்களுக்கு எம்.எஸ். அம்மையாரைப் பற்றிச் சொல்லும்போது, வானத்திலிருந்து இறங்கி வந்தவராகச் சொல்ல வேண்டாம். மதுரையில் பிறந்து, தாயிடம் பயின்று, இருபது வயதில் தன்னந்தனியே ஒரு முடிவெடுத்துச் சென்னைக்கு வந்து, நடித்து, பாடி, பொருளீட்டி, பிறர்க்கு ஈந்து, 2004 டிசம்பர் 11-ஆம் நாள் மறைந்த மனுஷியாகச் சொல்லுங்கள். தெய்வத்தைப் பார்த்துக் கைகூப்பலாம். மனுஷியைப் பார்த்துத்தான் ஒரு பெண் துணிவு கொள்ள முடியும்.

மார்கழி தோறும் சென்னைச் சபைகளில் அவர் பெயர் ஒலிக்கத்தான் போகிறது. அடுத்த முறை அறிவிப்பாளர் அந்த ஈரெழுத்தோடு நிறுத்திவிடாமல், மதுரை ஷண்முகவடிவு சுப்புலட்சுமி என்று முழுமையாகச் சொல்லட்டும். ஒரு நொடிதான் கூடுதலாகச் செலவாகும்.